மைக்கில் வாசித்த பெயர்

"என் டப்பாவத் திருடுனது நீதான். நான் ஆப்பரேசன் பண்ணிக் கெடந்தப்ப வீட்டப் பாத்துக்கிறேன்னு வந்து, வீட்டத் தொடச்சிட்டுப் போயிட்ட. ஒன் வீட்டுல சம்பந்தம் பண்ண வர்றவங்களும் இதக் கேட்டுக்கிடட்டும்."

போன ஆடி மாதம், உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு நான் பேசிய பேச்சு இது. நேரில் பேசவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டேன். எனக்கு டைப் பண்ணுகிற பொறுமை கிடையாது. வாய்தான் எனக்கு எல்லாம். அந்த வாயால்தான் கெட்டேன்.

யாரைச் சொன்னேன் என்றால், என் நாத்தனாரை. நாத்தனார் ஆவதற்கு முன்னால் அவள் என் மாமா மகள். ஒரே ஏலக்காய் எஸ்டேட்டில் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் வளர்ந்தோம். என்னைவிடச் சின்னவள். சின்ன வயதிலிருந்தே என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். பிறகு அவள் அண்ணனையே நான் கட்டிக்கொண்டேன். அவளுக்குப் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் மாப்பிள்ளை அமைந்தது. அவருக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. அங்கே போனபிறகு அவள் பேச்சே மாறிவிட்டது. எதற்கெடுத்தாலும் ஏனுங், சரிங்க. ஊருக்கு வரும்போதெல்லாம், "வந்துட்டாங்கய்யா ஏனுங்கம்மா" என்று நான் கேலி செய்வேன். "ஏனுங் மதினி, அங்க எங்க மாமியாகிட்ட ஒங்கள மாதிரி எடுத்தெறிஞ்சு பேசுனா ஊட்ட விட்டு முடுக்கிருவாங்க" என்று அவளும் விடமாட்டாள்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் இருப்பது எங்கள் பாட்டுக் கச்சேரிக் காலம்.

வயசுப் பிள்ளைகளாக இருந்தபோது நானும் அவளும் ஒரு கச்சேரி விடமாட்டோம். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கம்பத்திலிருந்து ஆர்கெஸ்ட்ரா வரும். நெடுங்கண்டத்தில் சர்ச் பெருநாளுக்குக் கானமேளா என்று பாட்டுக் கச்சேரி நடக்கும். குமுளியில், போடியில், எங்கே மேடை போட்டாலும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்விடுவோம். பொம்பளைப் பிள்ளைகள் இப்படிப் போகலாமா என்று பேசாத வாய் லயத்தில் இல்லை. யாராவது நேரில் கேட்டால் நான் பதிலுக்குப் பேசுவேன். அவள் எனக்குப் பின்னால் நின்று சிரிப்பாள்.

போன இடத்திலெல்லாம் எதையாவது எடுத்து வருவோம். ரோஸ் கலர், நீலக் கலர் நோட்டீஸ்கள். ஒரு பாட்டுக்காரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கைக்குட்டை. ட்ரம்ஸ் அடிக்கிறவர் ஒடித்துப்போட்ட குச்சி. மேடையில் போட்ட மாலையிலிருந்து விழுந்த ஜிகினா. மாமா வீட்டு டேப்பைத் தூக்கிக்கொண்டு போய், ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேராக மடியில் வைத்துப் பதிவு செய்த கேசட்டுகள். அப்புறம் ஒரு ரிப்பன் பேட்ஜ். எங்கள் திருவிழாவில் பெண்கள் பக்கம் கயிறு கட்டி விடுவார்கள். ஆண்கள் அந்தக் கயிற்றைத் தாண்டி வராமல் பார்த்துக்கொள்ள ஒரு வருஷம் கமிட்டிக்காரர்கள் என்னை வாலண்டியராக நிறுத்தினார்கள். பேட்ஜ் குத்திக்கொண்டு நான் நின்ற நிற்பில் ஒருத்தன் கயிற்றைத் தொடவில்லை.

அந்தக் கச்சேரிக் காலத்தில் எனக்குப் பெருமையான விஷயம் இன்னொன்றும் உண்டு. ஆர்கெஸ்ட்ராவில் நமக்குப் பிடித்த பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்குக் கொடுத்துவிட்டால், இன்னார் விரும்பிக் கேட்ட பாட்டு என்று மைக்கில் பெயர் வாசித்துவிட்டுப் பாடுவார்கள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சீட்டில் தன் பெயரைப் போடமாட்டாள். அண்ணன் பெயரையோ தம்பி பெயரையோதான் எழுதிக் கொடுப்பாள். மைதானம் பூராவும் கேட்க முதலில் வாசித்த பெண் பெயர் என்னுடையது. "நானே எழுதிக் குடுத்தேன். யாருக்குப் பயம்?" என்று கல்யாணம், காதுகுத்து, எழவு வீடு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன். என் நாத்தனாரை அருகில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

கல்யாணம், பிள்ளைகள், ஏலக்காய் வேலை என்று ஆனபிறகு டப்பா பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. நான் அதைத் திறந்து பார்த்தே பல காலம் ஆகிவிட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன ஆடியில் ஒருநாள் என் நாத்தனார் தன் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருந்தாள். அந்த ரிப்பன் பேட்ஜ். உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து, "எங்க வாலண்டியர் காலம்" என்று எழுதியிருந்தாள். பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் டப்பா இல்லை. அந்தப் பீரோவைக் கடைசியாகத் துடைத்து அடுக்கியது யார்? அதற்கு முந்தின வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆப்பரேசன் நடந்தபோது, தன் வீட்டை விட்டுவிட்டு வந்து என்னைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். பேட்ஜ் அவள் கையில். டப்பா என் வீட்டில் இல்லை. வேறென்ன வேண்டும்?

போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குரூப்பைத் திறந்து, அழுத்திப் பிடித்துப் பேசி, விட்டுவிட்டேன்.

குரூப்பில் அப்போது புதிதாகச் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? அவள் மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும். நிச்சயத்துக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்த நேரம். தெரிந்துதான் அந்தக் கடைசி வரியைச் சேர்த்தேன். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இங்கே ஒளிந்துகொள்ள மாட்டேன். வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில், அவள் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்தது. அதைப் பார்த்து, "பாத்தீங்களா, பதில் சொல்ல முடியல" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனுஷர். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அவ என் தங்கச்சிங்கறதுக்காகச் சொல்லல. ஒரு வார்த்த அவகிட்டக் கேட்டுட்டுப் பேசிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

"ஒங்க தங்கச்சிய நீங்க விட்டுக் குடுப்பீங்களா?" என்று அவரையும் விளாசினேன். அந்த வாரம் முழுக்க வெற்றி பெற்றவள் மாதிரிதான் நடந்தேன்.

இப்போது எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை பிடித்தால் வீட்டுக்குள் காய்ந்த பொருள் என்று ஒன்று இருக்காது. பட்டுச்சேலை, சர்டிபிகேட், நிலத்து ஆதாரப் பத்திரம், கல்யாண ஆல்பம் எல்லாம் பூசணம் பிடித்துவிடும். அதனால் மழைக்காலத்தில் இந்த மாதிரிப் பொருள்களை மூட்டையாகக் கட்டி, ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் கொடுத்து வைப்போம். காய் காய்கிற அறையில் இல்லை, அதை ஒட்டின அறையின் பரணில். அடுப்புச் சூடு அங்கே வெதுவெதுப்பாக வரும். பேப்பரில் பெயர் எழுதி ஒட்டினால் நின்று பிடிக்காது. அவரவர் வீட்டுப் பழைய துணியைக் கிழித்து மூட்டையில் கட்டிவிடுவோம். துணியைப் பார்த்தாலே இது இன்னார் வீட்டு மூட்டை என்று தெரியும்.

மழை கனத்ததும் நானும் என் பட்டுச்சேலைகளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரரோடு ஜீப்பில் ஸ்டோருக்குப் போனேன். முந்தின வருஷம் ஆப்பரேசன் ஆகிக் கிடந்ததால் நான் போகவில்லை. ஸ்டோர்க்காரர் மலையாளி. எங்களோடு பழகிப் பாதித் தமிழ் பேசுவார். என் மூட்டையை வாங்கிக்கொண்டு பரணில் ஏறியவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"சேச்சி, பழயது ஒண்ணு இவிடே கிடக்குது. அது எடுக்கண்டே, கொண்டு போக வேண்டாமா?"

"எங்களுது எதுவும் இல்லியே."

"பின்னே இது யாரோடது? நோக்கு, இது சேச்சியோட நைட்டியல்லே?"

மேலேயிருந்து நீட்டினார். என் பழைய நைட்டியேதான். பச்சையில் மஞ்சள் பூப்போட்டது. அதன் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தது என் பிஸ்கட் டின்.

"போன மழைக்கு முன்னாடி சேச்சியோட நாத்தூன் கொண்டு வச்சது. 'மதினியோட உசிரு இதுக்குள்ளதான் இருக்கு, எலி படாம வைங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு. நிங்க எடுக்க வருவீங்கன்னு நோக்கி நோக்கி இருந்நு."

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆப்பரேசன் முடிந்து வந்து வலியோடு கட்டிலில் கிடக்கிறேன். அவள் பீரோவைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். "மதினி, டப்பால பூசணம் கட்டிருக்குதுங்க. ஸ்டோர்ல குடுத்து வச்சிரட்டா?" என்று கேட்கிறாள். "எங்கயாச்சும் கொண்டு போய்த் தொல. மனுசி சாகக் கெடக்கா, டப்பாவாம் டப்பா" என்று கத்துகிறேன். அவள் அதற்குக் கோபப்படவில்லை. "சாவுறவ இம்புட்டுச் சத்தமா கத்த மாட்டா" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி எடுத்துவரப் போனாள்.

ஸ்டோர் வாசலில் ஜீப்புக்குள் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். கேசட் ஒவ்வொன்றையும் துடைத்துத் தனித்தனியாகத் துணி சுற்றி வைத்திருந்தாள். நோட்டீஸ்களைப் பிரித்து, நடுவில் பேப்பர் கொடுத்து அடுக்கியிருந்தாள். குச்சி இருந்தது. கைக்குட்டை இருந்தது. அடியில் என் ரிப்பன் பேட்ஜும் இருந்தது.

என் பேட்ஜ் இங்கே இருக்கிறதென்றால் அவள் கையில் இருப்பது எது? என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "அந்த வருசம் கயித்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேரும்தான நின்னீங்க. நீ இந்த முனை. அவ அந்த முனை."

கயிற்றுக்கு இன்னொரு முனை இருந்தது என்பதே எனக்கு மறந்துவிட்டது. எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் நான் நின்ற நிற்பு மட்டும்தான்.

அதோடு விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் தாங்கியிருப்பேன். எங்கள் ஜீப் பழசு, அதில் கேசட் போடுகிற பெட்டி இன்னும் இருக்கிறது. அவர் ஒரு கேசட்டை எடுத்து உள்ளே தள்ளினார். ஓடுமா என்று பார்க்கத்தான் தள்ளினார். கொஞ்சம் இழுத்து, கரகரத்து, பாட ஆரம்பித்தது. எங்கள் கோயில் கச்சேரி. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல். அறிவிப்பாளர் மைக்கில் எங்கள் எஸ்டேட் பெயரைச் சொல்லி, என் பெயரை வாசித்து, நான் விரும்பிக் கேட்ட பாட்டு என்கிறார். மைதானத்தில் விசில்.

டேப் எங்கள் மடியில்தானே இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணின் குரல் குதிக்கிறது.

"மதினி! ஒங்க பேரு! ஒங்க பேர வாசிச்சிட்டாக!"

"ஏட்டி, யாருட்டி குடுத்தா சீட்டு?" இது நான். அப்போதே அதட்டல்தான்.

"நாந்தான். நாந்தான் எழுதிக் குடுத்தேன்."

"அப்ப ஒன் பேரையும் சேத்து எழுத வேண்டியதுதான?"

"எடம் பத்தல மதினி. தீப்பெட்டி அட்டையில எம்புட்டு எழுத?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அதற்கு மேல் பாட்டு ஏறிவிட்டது.

என் வீட்டுக்காரர் எஞ்சினைப் போடவில்லை. வைப்பரும் ஓடவில்லை. கண்ணாடியில் மழை வழிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. "அப்ப அவளுக்குக் கட்டக் குரலு" என்றார். என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். திட்டவில்லை. எனக்கு ஜீப்பை விட்டு இறங்கி எங்காவது போய்விடலாம் போல இருந்தது. மழையில் எங்கே போவது?

ஒரு மைதானமே கேட்க என் பெயரைச் சொல்ல வைத்தவள் அவள். இத்தனை காலமும் நானே எழுதினேன் என்று நான் பீற்றிக்கொண்டபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தவள். அவளைத்தான் நான் சொந்தம் பூராவும் கேட்கத் திருடி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் குரூப்பில் பேசினேன். "டப்பா ஸ்டோர்ல இருந்துச்சு. நான் சொல்லித்தான் அவ அங்க வச்சிருக்கா. அவளத் திருடின்னு சொன்னது பொய். தப்பு பூராவும் என் மேலதான்" என்றேன். என்ன ஆயிற்று தெரியுமா? வரிசையாகக் கும்பிடுகிற கை பொம்மைகள் வந்தன. "குடும்பம்னா இதெல்லாம் சகஜம்தான்" என்று ஒரு சித்தப்பா. "பெரிய மனசு அக்கா உங்களுக்கு" என்று யாரோ ஒருத்தி. எனக்குப் பெரிய மனசாம்! திருடி என்று பட்டம் கட்டியவளுக்கு, மன்னிப்புக் கேட்டதற்காகப் பாராட்டு வேறு.

அவளைக் குரூப்பில் திரும்பச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். அவள் அங்கே ஒன்றும் பேசவில்லை. என் போனுக்குத் தனியாகக் கூப்பிட்டாள்.

"விடுங்க மதினி. ஒங்க வாயி எனக்குத் தெரியாதுங்களா?"

"ஏட்டி, என்னைத் திட்டு. நாலு வார்த்த கேளு."

"எதுக்குங்க திட்டோணும்? டப்பா கெடச்சிருச்சுல்ல, போதும்."

"நான் நாளைக்கே வாரேன் அங்க. ஒன் சம்பந்தி வீட்டுக்கு வந்து நானே சொல்றேன்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"இப்ப வராதீங்க மதினி. நிச்சயம் முடியட்டுங்க. அந்தம்மா ரெண்டு தடவ என்கிட்டக் கேட்டுட்டாங்க, ஏனுங்க ஒங்க அண்ணி அப்படிச் சொல்றாங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல? அவங்களுக்குக் கொஞ்சம் கோவம் ஜாஸ்தின்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க வந்து நின்னா மறுக்கா அந்தப் பேச்சு வருமுங்க."

என்னை விட்டுக்கொடுக்காமல்தான் அப்போதும் பேசியிருக்கிறாள். நான் கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்தேன்.

நிச்சயம் நடந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் தாய்மாமன் சீரோடு குமுளியில் பஸ் ஏறிப் போய்வந்தார். "எங்க அவங்கன்னு கேட்டாங்களா?" என்றேன். "ஒடம்புக்கு முடியலன்னு தங்கச்சி சொல்லிருச்சு" என்றார். அந்தப் படங்கள் குரூப்பில் வந்தன. அவள் மகளுக்குப் பூ வைக்கிற படத்தில், நான் நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒருத்தி தட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கல்யாணம் தை மாதம். அழைப்பிதழ் வந்துவிட்டது. அத்தை என்று என் பெயரையும் போட்டிருக்கிறாள். இந்த முறை இடம் பத்தாமல் போகவில்லை. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

என் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இப்போதும் சுருக்கென்றால் கை போனுக்குத்தான் போகிறது. போனதும் "எடம் பத்தல மதினி" என்கிற அந்தக் கட்டைக் குரல் காதில் கேட்கிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுகிறேன். அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது. இந்த வயதில் இதற்கு மேல் வருமா என்று தெரியவில்லை.

நான் இதை எழுதி அனுப்பியிருக்கிற இந்தப் பத்திரிகையை நீ கடைசிப் பக்கம் வரை வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இனி உன்னிடமே பேசுகிறேன். உன் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு தடவை உன் பெயரைப் பொதுவில் இழுத்தது போதும். ஆனால் நீ எனக்குத் தனியாகக் கூப்பிட்டு விடுங்க மதினி என்று சொன்னதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நான் உன்னைத் திருடி என்றது உன் சம்பந்தி கேட்க. நான் மன்னிப்புக் கேட்டது குரூப்பில் இருக்கிறவர்கள் காதில், எனக்குப் பெரிய மனசு என்றுதான் விழுந்திருக்கிறது. நீ வாய் திறக்காத வரைக்கும் அந்தம்மாவின் மனதில் ஒரு ஓரத்தில் அந்தச் சந்தேகம் கிடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் குரூப்பில் வா. எழுதாதே, உன் குரலில் பேசு. சீட்டு எழுதினது யார், கயிற்றின் அந்த முனையில் நின்றது யார், டப்பாவைத் துடைத்துக் காப்பாற்றி வைத்தது யார், உன்னைத் திருடி என்றது யார் என்று ஒவ்வொன்றாகச் சொல். அன்றைக்கு மைக்கில் வாசிக்க வைத்த மாதிரியே என் பெயரைச் சொல்லியே சொல். எல்லோரும் கேட்கட்டும். நானும் கேட்க வேண்டும். பதில் சொல்.